தானமுட்டைக் கர்ப்பம்: எத்தனை கரு, எந்த சைக்கிள், எங்கே பிரசவம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைக்காக வைத்தியம் பார்க்கப் போவது பெரும்பாலும் கோயம்புத்தூருக்கு. கரு தங்கியபின் மாதாந்தர செக்கப் சித்தூரிலோ பாலக்காட்டிலோ நடக்கும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் அம்மா வீடு, பிரசவமும் அங்கேயே. இயல்பாகத் தரித்த கர்ப்பத்துக்கு இந்த ஏற்பாடு சரிப்படும். தானமுட்டையில், அதாவது வேறொரு பெண் கொடுத்த முட்டையில், தரித்த கர்ப்பத்துக்குச் சரிப்படாது. இந்தக் கர்ப்பத்தின் பெரிய ஆபத்து தலைகாட்டுவது பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குப் பிறகு. அந்த நேரம் பார்த்துத்தான் பெண் ஊர் மாறுகிறாள், டாக்டர் மாறுகிறார், மாநிலமும் மாறுகிறது. முட்டை யாருடையது என்ற தகவல் மட்டும் கோயம்புத்தூர் ஃபைலிலேயே தங்கிவிடுகிறது.

ஆகவே எத்தனை கரு வைப்பது, எந்த சைக்கிளில் (கரு ஏற்கக் கருப்பையைத் தயார்செய்யும் மாதச் சுழற்சியில்) வைப்பது, எங்கே பிரசவம் பார்ப்பது என்ற மூன்றையும் கரு வைப்பதற்கு முன்பே சேர்த்து முடிவு செய்துவிட வேண்டும். ஒன்றில் எடுக்கும் முடிவு மற்ற இரண்டையும் பாதிக்கும்.

சொந்த முட்டையா, தானமுட்டையா

கருச்சிதைவும் டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைகளும் முட்டையின் வயதைப் பொறுத்தவை. 40 வயதில் சொந்த முட்டையில் கருவுற்றால் டவுன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 100-க்கு ஒன்று, 45-இல் 30-க்கு ஒன்று. 25 வயதுப் பெண்ணின் முட்டை என்றால் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு. 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி முட்டை கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆகவே இந்த இரண்டு விஷயத்திலும் தானமுட்டைக்கே சாதகம்.

மற்ற ஆபத்துகள் கருவைச் சுமக்கிற உடம்பைப் பொறுத்தவை. முட்டை 25 வயதுடையதாக இருந்தாலும் இதயம், சிறுநீரகம், ரத்தக்குழாய் எல்லாம் 44 வயதுடையவைதான். கர்ப்பகாலச் சர்க்கரை, பிரஷர், சிசேரியன், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு ஆகியவை தாயின் வயதோடு கூடும். அதற்கும் மேலாகத் தானமுட்டைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அது பிரீஎக்ளாம்ப்சியா, அதாவது 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போய், கல்லீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கிற நிலை. முற்றினால் வருகிற வலிப்பைத்தான் ஊரில் ஜன்னி என்பார்கள். சொந்த முட்டையில் ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவாக்கி வைக்கும் சிகிச்சை) செய்தவர்களோடு ஒப்பிட்டால் தானமுட்டைக் கர்ப்பத்தில் இது வரும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. இயல்பாகக் கருவுற்றவர்களோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு. வயதைச் சமன்செய்து பார்த்தாலும், இளம் பெண்களிடம் பார்த்தாலும் இந்த வித்தியாசம் மறைவதில்லை.

காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. இயல்பான கர்ப்பத்தில் குழந்தையின் மரபணுவில் பாதி தாயுடையது. மறுபாதியை மட்டும் தாயின் எதிர்ப்புச் சக்தி சகித்துக்கொண்டால் போதும். தானமுட்டையில் முழுவதுமே அந்நியம். முதல் நாலைந்து மாதங்களில் நஞ்சின் செல்கள் கருப்பைச் சுவருக்குள் இறங்கி, அங்குள்ள சுருள் தமனிகளை அகலப்படுத்தி, ரத்தம் தாராளமாக வர வழி செய்யும். தாயின் எதிர்ப்பணுக்கள் ஒத்துழைத்தால்தான் இது ஒழுங்காக நடக்கும். அரைகுறையாக நின்றால் ரத்தம் போதாத நஞ்சு சில புரதங்களைத் தாயின் ரத்தத்தில் கலந்துவிடுகிறது, அவை தாயின் ரத்தக்குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. வெளியே அது பிரஷராகத் தெரிவதற்கு மாதங்கள் ஆகும். அதனால்தான் தடுப்பு மருந்தை 16 வாரத்துக்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கிறது.

நான்கு மடங்கு என்று கேட்டதும் பயந்து பின்வாங்குபவர்களும் உண்டு. பெரும்பாலான தானமுட்டைக் கர்ப்பங்கள் நல்லபடியாகவே முடிகின்றன. கண்காணித்தால் பிடிபடுகிற ஆபத்து இது. ஆனால் சிலருக்குக் கரு வைக்கும் முன்பே நிறுத்தி யோசிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. டர்னர் சிண்ட்ரோம் (ஒரு எக்ஸ் குரோமோசோம் இல்லாத அல்லது குறைபட்ட பிறவி நிலை) உள்ள பெண்கள் அவர்களில் முதன்மையானவர்கள். சினைப்பை வேலை செய்யாததால் தானமுட்டைக்கு வருகிறவர்களில் இவர்களும் உண்டு. கர்ப்பத்தில் இவர்களுக்கு மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிகிற அபாயம் இருப்பதால் எக்கோவும் இதய எம்.ஆர்.ஐ.யும் எடுத்து இதய மருத்துவர் ஒப்புக்கொள்ளாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. 40 தாண்டிய எல்லோருக்கும் ஈ.சி.ஜி., எக்கோ, ஹெச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), தைராய்டு, கிரியாட்டினின், இரண்டு மூன்று நாள் பிரஷர் அளவு ஆகியவை வேண்டும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் எனாலாப்ரில், டெல்மிசார்டன் வகையில் இருந்தால் கர்ப்பத்துக்கு ஆகாது. டாக்டரிடம் கேட்டு லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இவற்றில் ஒன்றுக்கு முன்பே மாற வேண்டும்.

கர்ப்பம் சுமக்கவே கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்கு வாடகைத்தாய், தத்து என்ற இரண்டு வழி இருக்கின்றன. வாடகைத்தாய் வழியில் ஆபத்து மறைவதில்லை, இன்னொரு பெண்ணின் உடம்புக்கு மாறுகிறது. அவருக்கும் அந்தக் கரு முழு அந்நியம்தான். தத்தெடுக்க விரும்பினால் தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் வயதைக் கூட்டினால் 85-ஐத் தாண்டக் கூடாது என்பது 2022 விதி.

ஒரு கருவா, இரண்டா

ஒரு கொடையாளியிடமிருந்து ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அவர் வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம் என்கிறது சட்டம். ஏழில் சில முதிராமல் போகும், சில கருவுறாமல் போகும், சில ஐந்தாம் நாள் வரை வளராது. கடைசியில் இரண்டோ மூன்றோ பிளாஸ்டோசிஸ்ட் (ஐந்தாம் நாள் கரு) மிஞ்சினால் நல்ல பலன். இவ்வளவு செலவழித்து, இவ்வளவு காத்திருந்து கிடைத்தது இரண்டே இரண்டு என்னும்போது, இரண்டையும் சேர்த்து வைத்துவிடலாம் என்று தோன்றுவது இயற்கை. வீட்டுப் பெரியவர்களும் “ரெட்டைப் பிள்ளைன்னா ஒரே செலவோட போச்சு” என்பார்கள்.

எங்கள் முடிவு இதில் தெளிவானது: ஒன்றுதான். இளம் முட்டையில் உருவான பிளாஸ்டோசிஸ்ட் ஒட்டிக்கொள்ளும் திறன் அதிகம், அதனால் இரண்டு வைத்தால் இரண்டும் தங்கிவிட வாய்ப்பு நிறைய. இரட்டைக் கர்ப்பம் மட்டுமே பிரீஎக்ளாம்ப்சியா வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்கும். தானமுட்டை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும் அளவின் மேல் இது ஏறுகிறது. இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறார்கள். இரண்டு குழந்தைகளும் சில வாரம் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருந்தால் ஆகும் செலவுக்கு இன்னொரு முறை கரு வைத்துவிடலாம். ஒன்றை வைத்து, மற்றதை உறையவைத்து, தங்காவிட்டால் அடுத்ததை வைத்தால், முடிவில் குழந்தை கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ அதேதான். கூடுதலாக ஆவது சில மாதமும் உறைபதனக் கட்டணமும். 40 தாண்டியவர், பிரஷர் உள்ளவர், உயரம் குறைந்தவர், முன்பு சிசேரியனோ ஃபைப்ராய்டு (கருப்பைக் கட்டி) அறுவையோ ஆனவர் ஆகியோர் விஷயத்தில் இரண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒன்று வைத்தும் அது இரண்டாகப் பிரிவது எப்போதாவது நடக்கும், அதைத் தடுக்க வழியில்லை.

ஹார்மோன் சைக்கிளா, இயற்கை சைக்கிளா

இந்தக் கேள்வியை நோயாளிகள் கேட்பது அரிது. மருத்துவமனைகளும் தாமாகச் சொல்வது குறைவு. ஹார்மோன் சைக்கிளில் எஸ்ட்ரடயால் மாத்திரையால் கருப்பை உட்சவ்வை வளர்த்து, புரோஜெஸ்டிரோன் சேர்த்து, குறித்த நாளில் கரு வைப்பார்கள். தேதியைத் தங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம், ஸ்கேன் குறைவு, எல்லை தாண்டி அடிக்கடி ஓட வேண்டாம். இயற்கை சைக்கிளில் பெண்ணின் முட்டை தானே வெடிக்கும் நாளைக் கணித்து, அதிலிருந்து ஐந்தாம் நாள் அளவில் கருவை வைப்பார்கள். நாலைந்து முறை ஸ்கேனுக்குப் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் வந்ததுதான்.

வேறுபாடு எங்கே என்றால், முட்டை வெடித்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் புரோஜெஸ்டிரோனோடு ரிலாக்சின் போன்ற வேறு சில பொருள்களையும் சுரக்கிறது. கர்ப்பத் தொடக்கத்தில் தாயின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து கொடுக்க அவை உதவுகின்றன. ஹார்மோன் சைக்கிளில் கார்பஸ் லூட்டியமே இல்லை, மாத்திரையில் அந்தப் பொருள்களும் இல்லை. உறைகரு வைத்தவர்களை ஒப்பிட்ட ஆய்வுகளில் ஹார்மோன் சைக்கிளில் பிரீஎக்ளாம்ப்சியாவும், நஞ்சு ஆழமாக ஒட்டிக்கொள்வதும், பிரசவ ரத்தப்போக்கும் கூடுதலாகவே வந்திருக்கின்றன.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிற, முட்டைத் தரம் மட்டும் குறைந்த பெண்ணுக்கு இயற்கை சைக்கிள் முடியும். அதையே கேட்டு வாங்க வேண்டும். மாதவிலக்கு நின்றவருக்கு அந்தத் தேர்வு இல்லை, ஹார்மோன்தான். அவர் கவனிக்க வேண்டியது வேறு: நஞ்சு தானே ஹார்மோன் சுரக்கத் தொடங்கும்வரை, அதாவது 10 முதல் 12 வாரம் வரை, எஸ்ட்ரடயாலும் புரோஜெஸ்டிரோனும் ஒரு நாள் கூட விடுபடக் கூடாது. கர்ப்பம் உறுதியானதும் உள்ளூர் டாக்டர் “இவ்வளவு மாத்திரை எதுக்கு” என்று நிறுத்தியதாலோ, மருந்துக் கடையில் புரோஜெஸ்டிரோன் ஜெல் கிடைக்காமல் இரண்டு நாள் தள்ளிப்போனதாலோ கரு கலையலாம். இரண்டு வார மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். எண்ணெய்க் கரைசல் புரோஜெஸ்டிரோன் ஊசியை இடுப்பின் இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். கட்டிபோல் வீங்கிச் சுட்டால் சீழ் வைத்திருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். எஸ்ட்ரடயால் சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டு என்று நினைத்து அன்றைக்கே ஓட வேண்டும்.

புதுக்கருவா உறைகருவா என்பது, ஒரே கருவாக வைப்பதைவிடச் சின்ன விஷயம், இதற்காக மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சொல்வதா, மறைப்பதா

உறவினருக்குச் சொல்வது வேறு, பிரசவ டாக்டருக்குச் சொல்வது வேறு. முதலாவது முழுக்க உங்கள் விருப்பம். இரண்டாவதில் எங்களுக்கு இரண்டு கருத்து கிடையாது. மறைத்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள்.

12 வாரத்தில் என்.டி. ஸ்கேனோடு (கருவின் பின்கழுத்துத் தடிமன் பார்க்கும் ஸ்கேன்) ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது ஃபாரத்தில் தாயின் வயது 44 என்று எழுதினால், கணினி டவுன் ஆபத்து அதிகம் என்று துப்பும். அதைக் கண்டு பதறிப் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கும் அளவுக்குப் போய்விடுவார்கள். எழுத வேண்டியது முட்டை எடுத்த நாளில் கொடையாளிக்கு இருந்த வயது. என்.ஐ.பி.டி. (தாயின் ரத்தத்திலிருந்து குழந்தையின் குரோமோசோம் பார்க்கும் சோதனை) எடுப்பதானால் தானமுட்டை என்று லேபுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். சில லேப்களின் முறை தாய்க்கும் கருவுக்கும் உள்ள மரபணு உறவை வைத்துக் கணக்கிடுவது, சொல்லாவிட்டால் முடிவே வராது.

ரத்த வகையில் இன்னும் நுட்பமான சிக்கல். தாய் நெகட்டிவ், கணவரும் நெகட்டிவ் என்றால் குழந்தை நெகட்டிவாகத்தான் இருக்கும் என்று டாக்டர் ஆன்டி-டி ஊசியை (பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பு எதிர்ப்பு உண்டாக்காமல் தடுப்பது) விட்டுவிடுவார். கொடையாளி பாசிட்டிவ் என்றால் அந்தக் கணக்கு தப்பு. 28 வாரத்தில் ஒன்று, குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று என்று ஊசி தேவைப்படும். இன்னொன்று வீட்டுக் கவலை: ஓ வகைத் தாய்க்கு ஏ.பி. குழந்தை இயல்பில் பிறப்பது ஏறக்குறைய நடக்காத காரியம், தானமுட்டையில் நடக்கும். வார்டில் நர்ஸ் உரக்க வாசித்த ரத்த வகையிலிருந்து ரகசியம் வெளியான கதை புதிதல்ல. அதனாலேயே கூட டாக்டருக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது, சொல்ல வேண்டாததைச் சொல்லாமல் பார்த்துக்கொள்வார்.

தலசீமியா, சிக்கிள்செல் என்ற பரம்பரை ரத்த நோய்களுக்கான கேரியர் (நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்) சோதனையிலும் இதே கதை. அட்டப்பாடி பழங்குடி மக்களிடம் சிக்கிள்செல் இருப்பதால் பாலக்காட்டுப் பக்கம் இந்தச் சோதனை புதியதல்ல. தானமுட்டையில் பார்க்க வேண்டியது கணவருக்கும் கொடையாளிக்கும். தாய் கேரியராக இருந்தாலும் குழந்தைக்கு அது போகாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஆஸ்பிரின். 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி 36 வாரம் வரை இரவில் 150 மி.கி. எடுத்தபோது 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுவிடும் வகைப் பிரீஎக்ளாம்ப்சியா 60 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2017-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. 16 வாரத்துக்குப் பிறகு தொடங்கினால் பலன் வெகுவாகக் குறையும். கடையில் 75, 150 இரண்டும் கிடைக்கும். அல்சர், ஆஸ்துமா, ரத்தம் உறையாத கோளாறு இருந்தால் ஆகாது என்பதால் டாக்டர் சீட்டில்தான் வாங்க வேண்டும். தானமுட்டை என்று தெரியாத டாக்டர் இதை எழுத மறந்தால் குறை அவருடையதல்ல. கால்சியம் தினம் இரண்டு வேளை, இரும்பு மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளி.

தாய்-சேய் அட்டையை ஆஷா, அங்கன்வாடி, மாமியார், நாத்தனார் என்று எல்லோரும் புரட்டுவார்கள். அதில் “ஐ.வி.எஃப்., பிரஷர் அபாயம் அதிகம்” என்று இருந்தால் போதும், பொய்யும் இல்லை. முழு விவரத்தை கோயம்புத்தூர் டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதமாக வாங்கி உறையில் வைத்துக்கொள்ளுங்கள். கொடையாளியின் பெயர் அதில் வராது, உங்களுக்கும் சொல்ல மாட்டார்கள். வேண்டியவை: முட்டை எடுத்தபோது அவர் வயது, ரத்த வகை, தொற்று நோய்ச் சோதனைகள், ஹெச்.பி.எல்.சி. (தலசீமியா, சிக்கிள்செல் பார்க்கும் சோதனை) முடிவு, கரு வைத்த தேதி, எத்தனையாம் நாள் கரு, எத்தனை, எந்த சைக்கிள், எந்த மருந்து எதுவரை. பிரசவத் தேதியையும் எழுதி வாங்குங்கள். ஐந்தாம் நாள் கரு என்றால் வைத்த தேதியோடு 261 நாள் கூட்டினால் வரும், கடைசி மாதவிலக்குக் கணக்கு இங்கே உதவாது.

எங்கே பிரசவம்

வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோமில் தெரிந்த டாக்டர், குறைந்த செலவு, அரைமணியில் போய்ச் சேரலாம். ஆனால் ரத்த வங்கியும், 24 மணி நேர மயக்க மருந்து டாக்டரும், 32 வாரக் குழந்தையைப் பார்க்கும் என்.ஐ.சி.யூ.வும் இல்லாத இடத்தில் இந்தப் பிரசவத்தை வைத்துக்கொள்வது சரியல்ல. மாதாந்தர பிரஷர், யூரின், எடை பார்க்க அது போதும்.

கோயம்புத்தூரிலேயே பிரசவம் என்றால் ஃபைல் கைமாற வேண்டியதில்லை. பாலக்காட்டிலிருந்து வாளையார் வழி ஏறக்குறைய 50 கி.மீ., கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு வேலந்தாவளம் வழி இன்னும் கிட்டம். கருத்தரிப்பு மையம் எல்லாவற்றிலும் பிரசவப் பிரிவு இருக்காது என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கேரளப் பக்கம் என்றால் பாலக்காட்டு மகளிர்-குழந்தைகள் அரசு மருத்துவமனை, அதற்கும் மேல் வேண்டுமானால் குதிரான் சுரங்கம் தாண்டித் திருச்சூர் மருத்துவக் கல்லூரி. அரசுப் பக்கம் பெரிய நன்மை, நிலைமை மோசமானால் மேலே அனுப்பும் ஒழுங்கு இருப்பது.

அம்மா வீடுதான் என்றால், வளைகாப்புக்குக் காத்திராமல் 24 வாரத்துக்குள் அந்த ஊர் டாக்டரிடம் ஒரு முறை காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்.சி.ஹெச். எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) கேட்பார்கள், கேரளத்தில் பதிந்தவர் அதையும் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் அப்போதே பேசி முடிக்கலாம். 108 எந்த மருத்துவமனை வரை கொண்டுபோகும், எல்லை தாண்டுமா என்பதை இரு பக்கமும் கேட்டு வைத்துக்கொண்டு, ராத்திரி கூப்பிட்டால் வரும் ஒரு டாக்ஸிக்காரர் எண்ணையும் வைத்திருங்கள்.

எங்கே பார்த்தாலும் 20 வார ஸ்கேனில் நஞ்சு எங்கே, எவ்வளவு ஆழம் என்று கேளுங்கள். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-க்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. 28, 32, 36 வாரங்களில் டாப்ளரோடு (ரத்த ஓட்டம் பார்ப்பது) வளர்ச்சி ஸ்கேன்.

வீட்டில் பிரஷர் மெஷின் கட்டாயம், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேற்கையில் கட்டுவது. கையின் சுற்றளவு 32 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய பட்டை வாங்க வேண்டும், சின்னப் பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். ஒரு முறை டாக்டரின் மெஷினோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் தரையில் பதிய, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. 20 வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள், 28-க்குப் பிறகு தினமும். 140/90 வந்தால் அன்றே டாக்டருக்கு போன். 160/110 வந்தால் போனெல்லாம் வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனை. விடாத தலைவலி, கண்ணில் மின்னல் அல்லது மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி, முகமும் கையும் திடீர் வீக்கம் இருந்தால் மெஷின் நல்ல எண் காட்டினாலும் போக வேண்டும். விலா வலியை வாயு என்று சுக்குக் கஷாயம் குடித்துத் தள்ளிப்போடுவது எல்லைக்கு இரு பக்கமும் உள்ள வழக்கம். பிரீஎக்ளாம்ப்சியாவின் கடும் வடிவமான ஹெல்ப் (HELLP) என்ற கல்லீரல் சிக்கல் அப்படித்தான் தொடங்கும்.

பிரசவத்தன்று இரண்டு யூனிட் ரத்தம் தயாராக இருக்கட்டும். பிரஷர் இருந்தால் ரத்தப்போக்கை நிறுத்த மெத்தர்ஜின் ஊசி போடக் கூடாது, லேபர் ரூமுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் கடிதம் ஃபைலின் மேலாக இருக்க வேண்டும்.

குழந்தை பிறந்ததும் பிரஷர் இறங்கிவிடும் என்று மெஷினை எடுத்து வைத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அது மறுபடி ஏறுவது சகஜம், டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் அது. முதல் பத்து நாள் தினம் இரண்டு வேளை, பிறகு ஆறு வாரம் வரை வாரம் இரண்டு முறை பாருங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், லேபெட்டலாலும் நிஃபெடிபினும் பால் கொடுக்கும்போது சாப்பிடக்கூடியவையே. பிரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களுக்குப் பின்னாளில் பிரஷரும் இதய நோயும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் ஆறாம் வாரம் யூரினும் கிரியாட்டினினும், அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.